பொற்கொடிக்கு முழு வண்டியும் தெரிய வேண்டும்

பொற்கொடி கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. ‘எங்க போவுது’ அக்கா. பயிற்சிக் கூடத்தில் எந்த வயரைக் கையில் கொடுத்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இது எங்க போவுது மேடம்? கூட இருந்த பெண்கள் சிரிப்பார்கள். பயிற்சி கொடுக்கும் எஸ்லின் மேடம் சிரிக்க மாட்டார். பலகையில் நட்ட இரும்புக் கவைகளைக் காட்டி, இந்தக் கவையிலிருந்து அந்தக் கவைக்குப் போகிறது என்று பொறுமையாகச் சொல்வார். பொற்கொடி கேட்டது அது இல்லை. ஆனால் தான் கேட்டது என்ன என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஸ்கூட்டர்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் கம்பெனி அது. ஸ்கூட்டரின் முகவிளக்கிலிருந்து பின்விளக்கு வரை உள்ளே ஓடும் வயர்களை எல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி, முனைகளில் பிளாஸ்டிக் கனெக்டர் மாட்டி அனுப்புவார்கள். அந்தக் கட்டுக்கு ஹார்னஸ் என்று பெயர். ஆள் உயரத்துக்குச் சாய்த்து வைத்த பலகையில், முனை இரண்டாகப் பிரிந்த இரும்புக் கவைகள் நட்டிருக்கும். வயர்களை ஒவ்வொன்றாக அந்தந்தக் கவையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். வரிசை மாறக் கூடாது. கடைசியில் சோதனைப் பலகையில் மாட்டினால் குட்டி பல்புகள் எல்லாம் எரிய வேண்டும்.

பொற்கொடி கட்டியதில் எப்போதும் ஏதாவது ஒரு பல்பு எரியாது. முதல் சில வயர்கள் சரியாகப் போகும். பிறகு வெள்ளைக் கோடு போட்ட நீல வயர் வரும்போது கை தடுமாறும். அதை எந்தக் கவையில் போட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். இந்தப் பக்கம் போனால் என்ன, அந்தப் பக்கம் போனால் என்ன என்று மனம் நின்றுவிடும். எஸ்லின் மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார். மறுபடி அதே இடத்தில் தவறும்.

இது அவளுக்குப் புதிது இல்லை. கல்லாவி ஊர்ப் பள்ளியில் படித்தபோது கணக்கு வகுப்பில் நடந்ததும் இதேதான். வாத்தியார் முதல் படி, இரண்டாம் படி என்று எழுதிக்கொண்டே போவார். இது எதுக்கு சார் என்று அவள் எழுந்து கேட்பாள். முதலில் எழுது, அப்புறம் புரியும் என்று உட்கார வைத்துவிடுவார். அப்புறமும் புரியவில்லை. பத்தாவதில் கணக்கில் போயிற்று. தன் மண்டையில் எதுவும் ஏறாது என்று அன்றைக்கு முடிவுகட்டியவள்தான். கல்யாணமாகி, கணவன் மணிவேலோடு முதலில் ஓசூரிலும் பிறகு உத்தனப்பள்ளியிலும் குடியிருந்து, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, தனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்ற ஆசையில் இங்கே வந்திருந்தாள். மணிவேல் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். போய்த்தான் பாரேன் என்று அனுப்பி வைத்தான்.

பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. அதில் தேறினால் உற்பத்தி லைனில் நிற்கலாம். பொற்கொடி தேறவில்லை. சூப்பர்வைசர் மோகன்குமார் கூப்பிட்டு, இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அப்போதும் வரவில்லை என்றால் பேக்கிங்கில் போடுகிறேன், அதுவும் வேலைதான் என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். அட்டைப் பெட்டி மடிப்பதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. கணக்கு வாத்தியார் முகத்தில் பார்த்தது அது.

மறுநாள் காலை கம்பெனி பஸ் சானமாவு காட்டுக்கு முன்பே நின்றுவிட்டது. யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். குட்டிகளும் இருப்பதால் நேரமாகும் என்று டிரைவர் சொன்னார். ஆளாளுக்குப் போனை எடுத்து லேட்டாகும் என்று சொல்லிவிட்டுத் தூங்க ஆரம்பித்தார்கள். ராயக்கோட்டையிலிருந்து ஏறும் எஸ்லின், முன்சீட்டிலிருந்து எழுந்து வந்து பொற்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். எஸ்லினுக்கு ஊர் மார்த்தாண்டம். டிப்ளமோ படித்தவர். பொற்கொடியைவிட வயதில் கொஞ்சம் சின்னவர்தான்.

“ஒரே மாதிரியே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அது என் தப்புல்லா,” என்றார் எஸ்லின். “நீங்க இதுக்கு முன்னால எதையாவது சுலபமாப் படிச்சிருக்கீங்களா? ஸ்கூல்ல இல்ல. சும்மா, எதையாவது.”

பொற்கொடிக்கு இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. எதைப் படிக்க முடியவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி யோசித்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஓசூர் கதையைச் சொன்னாள்.

கல்யாணமான புதிதில் பாகலூர் ரோடு பக்கம் ஒரு சந்தில் வீடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வர அவளுக்குத் தெரியாது. இந்தக் கடையில் திரும்பு, அந்தக் கோயிலில் திரும்பு என்று மணிவேல் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். கடை ஒன்று மூடியிருந்தால் போதும், அவள் வேறு ஏதோ லேஅவுட்டில் போய் நிற்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு மலைக்கோயிலுக்குப் போனாள். சாமி கும்பிட்டுவிட்டு மதில் ஓரமாக நின்று கீழே பார்த்தாள். ஏரி, ரயில் பாதை, பெங்களூர் ரோடு, பஸ் ஸ்டாண்ட், தங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே பார்வையில் கிடந்தன. அவ்வளவுதான்.

“அன்னிக்குப் பாத்துகினு வந்தவதான் மேடம், அப்புறம் ஒருநாளும் வழி தப்பல. எங்க ஊட்டுக்காரருக்கே குறுக்கு வழி சொல்ற அளவுக்கு ஆயிட்டேன்.”

எஸ்லின் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“நான் உங்களுக்குத் தெருத் தெருவாச் சொல்லிட்டு இருந்திருக்கேன்,” என்றார். “நீங்க மலை ஏறணும்னு கேட்டுட்டு இருந்திருக்கீங்க. எனக்கு அப்படி இல்ல பாத்துக்கிடுங்க. முழுசாக் காட்டினா நான் பயந்துருவேன். ஒண்ணு முடிஞ்ச பெறகு அடுத்ததுன்னு போனாத்தான் எனக்கு ஏறும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சிட்டேன்.”

பொற்கொடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மேடத்துக்கும் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் மண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை, அது வேறு வாசல் வழியாக உள்ளே போகிற வீடு, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டாள். யானைகள் கடந்து முடிந்து பஸ் கிளம்பியபோது, ஒரு ஸ்கூட்டரைப் பிரித்து உள்ளே பார்க்க முடியுமா என்று கேட்டாள். கம்பெனியில் வயர்கள்தான் இருக்கின்றன, வண்டி இல்லையே என்றார் எஸ்லின்.

வண்டிக்கு மணிவேல் வழி சொன்னான். அவன் ஆட்டோவை விடும் இடத்துக்குப் பக்கத்தில் சவரியப்பன் என்பவர் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கொஞ்ச நேரம் கடை திறப்பார். இருவரும் போனபோது, சர்வீஸுக்கு வந்த ஸ்கூட்டர் ஒன்று உடம்புக் கவசம் எல்லாம் கழற்றி எலும்புக்கூடாக நின்றது. பொற்கொடி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அவள் பலகையில் பார்த்த அதே கட்டு, கறுப்பு டேப் சுற்றி, ஹாண்டில்பாரிலிருந்து இறங்கி, கால்வைக்கும் பலகைக்குக் கீழே ஓடி, சீட்டுக்கு அடியில் கிளை பிரிந்து, பின்னால் போய் முடிந்தது.

“அண்ணா, அந்த நீலத்துல வெள்ளக் கோடு போட்டது எங்க போவுது?”

சவரியப்பன் பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். பின்னால் சிவப்பாக எரிந்தது. பொற்கொடி தானும் பிடித்துப் பார்த்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். பலகையில் அவளை முட்டாளாக்கிய வயர் அதுதான். பெருமழையில் ஒருத்தி வண்டியில் போகிறாள், முன்னால் நாய் குறுக்கே வருகிறது, பிரேக் பிடிக்கிறாள், பின்னால் வரும் லாரிக்காரனுக்கு அந்தச் சிவப்பு தெரிந்தால்தான் அவள் வீட்டுக்குப் போவாள். இத்தனையும் அந்த ஒரு வயரில் இருக்கிறது என்று நினைத்தபோது பொற்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது.

“இனிமே இத தப்பாப் போட மாட்டேன்,” என்றாள்.

சவரியப்பன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். ஹாரன், இண்டிகேட்டர், பெட்ரோல் அளவு காட்டுவது, ஸ்டார்ட்டர். எலி கடித்த வயரோடு வரும் வண்டிகளைப் பற்றியும் சொன்னார். ஒரு மணி நேரம் போல ஆயிற்று. மணிவேல் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை எஸ்லின், ரிஜெக்ட் ஆன ஹார்னஸ் ஒன்றை மோகன்குமாரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். பொற்கொடி சாப்பாட்டு இடைவேளைகளில் அதை வால் பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டே தலைப் பக்கம் வந்தாள். பிறகு திரும்பச் சேர்த்தாள். பலகையில் வரிசையை அவள் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. ஆனால் இப்போது கையில் எடுக்கும் ஒவ்வொரு வயருக்கும் ஒரு வேலையும் ஒரு இடமும் இருந்தது. மனதுக்குள் பெயர்கூட வைத்திருந்தாள். ஹாரன்காரன், பெட்ரோல்காரி, பிரேக் அண்ணன்.

இரண்டாம் தேர்வில் எல்லா பல்புகளும் எரிந்தன. நேரம் கொஞ்சம் கூடவே எடுத்திருந்தாள். டேப் ஓரிடத்தில் தடித்துப் போயிருந்தது. மோகன்குமார் அதைச் சுட்டிக் காட்டிவிட்டு, நாளையிலிருந்து லைனுக்கு வந்துவிடு என்றார். எஸ்லின் அவள் தோளைத் தட்டினார். பொற்கொடி கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

லைனில் அவள் வேகம் மெதுவாகத்தான் ஏறியது. கனெக்டர்களின் எண்கள் இன்றுவரை அவளுக்கு மனப்பாடம் ஆகவில்லை. அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்வாள். அதைப் பற்றி இப்போது அவளுக்கு வருத்தம் இல்லை. எதைத் தலையில் வைக்க வேண்டும், எதைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

அடுத்த வருடம் எஸ்லின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனபோது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பொற்கொடியை விடலாம் என்று அவர்தான் சொல்லிவிட்டுப் போனார். பொற்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வேலையாக, சவரியப்பன் கடைக்குப் போய்ப் பிரித்துப் போட்ட ஸ்கூட்டரைப் போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பயிற்சிக் கூடச் சுவரில் மாட்டினாள். புதுப் பெண்கள் யார் வந்தாலும் முதலில் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்துவாள். தலையிலிருந்து வால் வரை வண்டியின் கதையைச் சொல்வாள். பலருக்கு அது பிடித்திருந்தது. தன்னை வாட்டிய கஷ்டத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தாள். தனக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்றும் நினைத்தாள்.

அப்போதுதான் நாராயணம்மா வந்து சேர்ந்தாள்.

நாராயணம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பேரிகைப் பக்கம் பிறந்தவள், வீட்டில் தெலுங்கு. ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலை பார்த்தவள், பண்ணையை மூடிவிட்டதால் இங்கே வந்திருந்தாள். பொற்கொடி படத்தைக் காட்டிக் கதை சொன்னபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பலகைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பொற்கொடி மறுபடி படத்தின் முன்னால் கூட்டிப் போனாள். மறுபடி அதே கதை. படத்தைப் பார்க்கப் பார்க்க நாராயணம்மாவின் கண்ணில் மிரட்சிதான் கூடியது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பொற்கொடிக்குப் பொறுமை போயிற்று.

“எத்தன வாட்டி காட்டறது அக்கா? முழு வண்டியும் கண்ணு முன்னாடிதான இருக்குது. இன்னும் என்னாத்துக்குப் புரியல?”

நாராயணம்மா கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தாள். பக்கத்துப் பலகையில் நின்ற ரஞ்சிதா என்கிற பெண் குனிந்துகொண்டாள். சொன்ன சொல் தன் காதிலேயே திரும்பி விழுந்தபோது, அது யார் குரல் என்று பொற்கொடிக்கு உடனே தெரிந்தது. முதலில் எழுது, அப்புறம் புரியும்.

கேன்டீனில் நாராயணம்மா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பொற்கொடி எதிரில் உட்கார்ந்து, கோபத்தில் பேசிவிட்டேன் அக்கா, மன்னிச்சுக்கோங்க என்றாள். பிறகு, பஸ்ஸில் எஸ்லின் தன்னிடம் கேட்டதைக் கேட்டாள். இதுக்கு முன்னால எதையாவது லேசாப் படிச்சீங்களா?

நாராயணம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். அப்புறம் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். பண்ணையில் ரோஜாக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பூவையும் எடுக்கும்போது இது நீட்டம், இது குட்டை, இது நடு என்று வாயால் சொல்லிக்கொண்டேதான் போடுவாள். வீட்டில் சமைக்கும்போதும் அப்படித்தான். உப்புப் போட்டாச்சு, புளி ஊத்தியாச்சு என்று அடுப்போடு பேசுவாள். பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

“படம் பாத்தா எனக்குத் தல சுத்துதும்மா. அது பெருசா இருக்குது. எனக்கு வாயில வந்தாத்தான் கையில வரும். இங்க பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்காங்களே.”

பேசக் கூடாது என்பது உண்மைதான். பேச்சில் கவனம் சிதறும் என்று வைத்த விதி அது. பொற்கொடி மோகன்குமாரிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் பேசுவார்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பயிற்சிக் கூடத்தின் மூலையில், கம்ப்ரஸர் சத்தம் கேட்கும் சுவர் ஓரமாக, ஒரு பலகையைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். அங்கே என்ன முணுமுணுத்தாலும் யாருக்கும் கேட்காது.

அன்று பிற்பகல் பொற்கொடி தமிழில் ஒவ்வொரு வயராகச் சொன்னாள். நாராயணம்மா அதைத் தெலுங்கில் மாற்றி, தலையை ஆட்டிக்கொண்டே ஒரு தாளத்தில் சொன்னாள். எர்ரதி பைகி, நல்லதி கிந்திகி, பச்சதி பக்ககி. சிவப்பு மேலே, கறுப்பு கீழே, பச்சை பக்கத்தில். நல்லதி என்றதும், எது நல்லது என்று பொற்கொடி கேட்க, கறுப்புக்குத் தெலுங்கில் நல்லதி என்று நாராயணம்மா விளக்க, இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொற்கொடிக்கு அந்த வரிசை கேட்ட மறுநிமிடமே மறந்தும் போயிற்று. நாராயணம்மாவின் விரல்களோ தாளத்தின் பின்னால் தானாகப் போய்க்கொண்டிருந்தன. எந்த வயர் எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை.

நாராயணம்மா முதல் தேர்விலேயே தேறினாள். இன்று லைனில் உதடு மட்டும் அசைய நிற்கிறாள். மாஸ்க் போட்டிருப்பதால் அதுவும் வெளியே தெரிவதில்லை.

பொற்கொடி எல்லோருக்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. சத்யப்ரியா என்று ஒரு பெண் வந்தாள், கெட்டிக்காரி. படத்தையும் காட்டினார்கள், சொல்லியும் பார்த்தார்கள், கையைப் பிடித்தும் செய்து காட்டினார்கள். அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. ஒரு மாதம் கழித்து வராமலே நின்றுவிட்டாள். பொற்கொடி அவளுக்குப் போன் செய்து பார்த்தாள், எடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்று பொற்கொடி இப்போதும் சில நாள் யோசிப்பதுண்டு. மார்த்தாண்டத்திலிருந்து எஸ்லின் போனில் பேசியபோது இதைச் சொன்னாள். கேட்டுக்கிட்டே இருங்க என்று மட்டும் எஸ்லின் சொன்னார்.

அதனால் இப்போது பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் யாரையும் படத்தின் முன்னால் நிறுத்துவதில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, நீங்கள் சுலபமாகக் கற்றுக்கொண்டது எது, எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொற்கொடி கேட்கிறாள். ஒருத்தி கபடி என்றாள். ஒருத்தி போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிளவுஸ் தைத்த கதையைச் சொன்னாள். ஒன்றுமே இல்லை என்கிறவர்கள்தான் அதிகம். அவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கும். எஸ்லின் குழந்தையோடு திரும்பி வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. இருவரும் ஆட்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். படிப்படியாக வேண்டும் என்கிறவர்கள் எஸ்லினிடம், முழுசாக வேண்டும் என்கிறவர்கள் பொற்கொடியிடம்.

பொற்கொடிக்கு இப்போது புது ஆசை ஒன்று வந்திருக்கிறது, தெலுங்கு கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வீட்டு மொழி. காலை பஸ்ஸில் நாராயணம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். முதலில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, திரும்பச் சொல்லு என்றாள். பொற்கொடிக்கு ஒன்றும் நிற்கவில்லை.

“அக்கா, மொதல்ல ஒரு கதைய முழுசாச் சொல்லுங்க. புரியாட்டிப் போவுது. அப்புறம் பிரிச்சுக்கலாம்.”

நாராயணம்மா தன் கல்யாணத்தன்று நடந்ததைத் தெலுங்கிலேயே சொல்ல ஆரம்பித்தாள். கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, மாப்பிள்ளை வேன் எங்கேயோ சிக்கிக்கொண்டதை நடித்தே காட்டினாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பொற்கொடி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வான வச்சிந்தி, வான வச்சிந்தி என்று நாராயணம்மா இரண்டு மூன்று தடவை சொன்னாள். வானம் என்னத்தை வைத்தது என்று பொற்கொடி யோசித்தாள். நாராயணம்மா புடவையைத் தூக்கிச் செருகுவது போலவும், தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடுவது போலவும் காட்டினாள்.

“மழ,” என்றாள் பொற்கொடி. “மழ வந்துடுச்சு.”

நாராயணம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கதையை நிறுத்தாமல் மேலே போனாள்.